151 செ.மீ. உயரம், 800 மி.மீ. இருக்கை: மலைப் பாதைக்கு ஹிமாலயனை எப்படித் தாழ்த்துவது?

ஏலக்காட்டுப் பெண் (கம்பம்):

அனைவருக்கும் வணக்கம். கம்பத்தில் வீடு. மலைமேல், கேரளத்து வண்டன்மேட்டைத் தாண்டி அப்பாவின் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். வாரத்தில் நான்கு நாள் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறேன். இதுவரை ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். தார்ச்சாலை முடிகிற இடத்தோடு ஸ்கூட்டரின் வேலையும் முடிந்துவிடும். அங்கிருந்து தோட்டம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் ஜீப் பாதை. உருண்டைக் கற்கள், நடுவில் மேடு, இரு பக்கமும் ஜீப் சக்கரம் தோண்டிய பள்ளம். மழைக்காலத்தில் நடந்து போவதே சிரமம்.

அதனால் மாமா மகனிடம் இருந்த 2020 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை வாங்கினேன். என் உயரம் 151 செ.மீ., எடை 48 கிலோ. செருப்பில்லாமல் சுவரோரம் நின்று கால் இடுக்கிலிருந்து தரை வரை அளந்தால் 68 செ.மீ. வண்டியின் இருக்கை 800 மி.மீ. உட்கார்ந்தால் ஒரு பக்கம் கட்டைவிரல் மட்டும் தொட்டது.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். “லிங்க் மாற்றினால் போதும், ஒரு மணி நேர வேலை” என்று சொல்லிப் பின் சக்கரத்து இணைப்புத் தகடுகளை மாற்றித் தந்தார்கள். உண்மையாகவே நாலு சென்டிமீட்டர் இறங்கியது. கால் எட்டியது. மகிழ்ச்சியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் தோட்டத்து ஸ்டோர் (ஏலக்காய் உலர்த்தும் கட்டிடம்) வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினேன். வண்டி எந்தப் பக்கமும் சாயாமல் நட்டுக்கு நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கமாக விழுந்தது. ஹேண்டில் முனை வளைந்தது, பிரேக் லீவர் உடைந்தது. பக்கத்தில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் கால் ஒரு சாண் தூரத்தில் தப்பியது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. அதோடு கொண்டைஊசி வளைவில் ஹேண்டில் கனக்கிறது. ஜீப் பாதையில் அடித்தகடு கல்லில் ‘டங்’ என்று இடிக்கிறது. முன்பு இந்த இரண்டும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கால் எட்டவும் வேண்டும், கல்லில் இடிக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்குமா?

—

கொழிஞ்சாம்பாறை:

அம்மணி, முதலில் அந்த அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய ஆறுதல்.

நான் 160 செ.மீ. என் வண்டியும் 411தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் லிங்க் மாற்றித் தாழ்த்தினேன், இன்று வரை நன்றாக ஓடுகிறது. ஆனால் முன்பக்க ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் குழாய்) கவ்வியில் மேலே தூக்கி 20 மி.மீ. இறக்கினோம். சைடு ஸ்டாண்டை அறுத்துச் சிறிதாக்கினோம், முகப்பு விளக்கின் கோணத்தைத் திருத்தினோம். உங்கள் பட்டறையில் பாதி வேலையைச் செய்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மீதியையும் முடித்தால் சரியாகிவிடும். இரண்டு காலும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும் என்பது என் கருத்து. அது இல்லாமல் 199 கிலோ வண்டியைப் பிடிக்க முடியாது.

அல்லது விற்றுவிட்டு ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350 பாருங்கள். இருக்கை 765 மி.மீ.தான்.

—

ஏலக்காட்டுப் பெண்:

அண்ணா, பதிலுக்கு நன்றி. மீட்டியர் ஓட்டிப் பார்த்தேன், உட்கார்ந்ததும் கால் பதிந்தது. ஆனால் அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் 170 மி.மீ.தான் இடைவெளி, ஹிமாலயனுக்கு 220. எங்கள் பாதையில் நடுமேட்டுக் கல்லைத் தாண்டுவதற்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். அந்த இடைவெளியைக் குறைத்தால் வாங்கிய நோக்கமே போய்விடுகிறது. நீங்கள் பெரும்பாலும் ஓட்டுவது எந்தச் சாலையில்?

—

கொழிஞ்சாம்பாறை:

பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி. சமவெளிதான். வேகத்தடையில் எப்போதாவது அடித்தகடு உரசும், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் பாதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். மலையேறுகிறவர்கள் சொல்லட்டும்.

—

கூடலூர் மெக்கானிக்:

தேனி மாவட்டத்துக் கூடலூர். இருபது ஆண்டுகளாக இதே தொழில். குமுளிக்கும் வண்டிப்பெரியாறுக்கும் போகிற வண்டிகள் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போகும்.

தங்கச்சி, உங்கள் வண்டி ஏன் விழுந்தது என்பதை முதலில் சொல்கிறேன். இது தெரிந்தால் மற்றவை எல்லாம் தானே விளங்கும்.

சைடு ஸ்டாண்டின் நீளம் வண்டி நிற்கும் உயரத்துக்கு என்று கணக்கிட்டுச் செய்தது. வண்டி இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தால்தான் எடை ஸ்டாண்டின் மேல் உட்காரும். நாலு சென்டிமீட்டர் தாழ்த்தினால் ஸ்டாண்டு அந்த அளவுக்கு நீண்டதாகிவிடுகிறது. வண்டி சாயாமல் செங்குத்தாக நிற்கும். தரை வலப்பக்கம் சற்றுச் சரிந்திருந்தால் போதும், காற்றே தள்ளிவிடும். ஸ்டோர் வாசல் என்றால் மழைநீர் ஓட வாட்டம் வைத்துத்தான் தளம் போட்டிருப்பார்கள்.

ஹேண்டில் கனப்பதற்குக் காரணம் பின்பக்கம் மட்டும் இறங்கியது. ஒரு நாற்காலியின் பின்கால்களை அறுத்தது போல வண்டி பின்னால் சாய்கிறது. முன் ஃபோர்க் முன்பைவிடப் படுத்த கோணத்துக்கு வருகிறது. நேர்ச்சாலையில் இது தெரியாது, நிதானமாகக்கூட இருக்கும். கொண்டைஊசியில் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் திருப்பும்போதுதான் வண்டி மறுக்கும். கொழிஞ்சாம்பாறை அண்ணன் ஃபோர்க்கையும் இறக்கியது அதனால்தான். அது சரியான முறை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மேல் இறக்கினால் முழுதாக அமுங்கும்போது முன்சக்கரம் மேலே இடிக்கும்.

இன்னொன்று. லிங்க் தகடு வெறும் உயரம் மாற்றும் பாகம் அல்ல. சக்கரம் எவ்வளவு ஏறினால் ஷாக் எவ்வளவு அமுங்க வேண்டும் என்ற விகிதமே அதில்தான் இருக்கிறது. தகட்டில் சில மில்லிமீட்டர் மாறினால் சக்கரத்தில் அதன் பல மடங்கு மாறும். கம்பெனி கணக்கிட்ட விகிதம் கலைந்துவிடும். சில தகடுகளில் வண்டி பஞ்சு போல மிதக்கும், சிலவற்றில் முழுதாக அமுங்கியதும் டயர் மட்கார்டில் தேய்க்கும். செயின் தளர்ச்சியும் மாறும். மாற்றியவர்கள் செயினைத் திரும்பப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. நாளைக்கே பாருங்கள்.

என் கருத்து: பழைய தகடுகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். உங்கள் பாதைக்கு சஸ்பென்ஷனைத் தொடாமல் கிடைக்கும் உயரம்தான் நல்ல உயரம்.

அதற்கு முதல் படி பிரீலோடு, அதாவது பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கும் அளவு. வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 70, 75 கிலோ ஆளை நினைத்து ஸ்பிரிங்கை இறுக்கியிருப்பார்கள். நீங்கள் 48 கிலோ. நீங்கள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்க வேண்டிய அளவு அமுங்காது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே இருக்கைக்குக் கீழ் ஒரு புள்ளி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாவற்றோடும் உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்சக்கரத்தின் மொத்த ஓட்டத்தில் (அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 411-க்குப் பின் ஓட்டம் 180 மி.மீ., ஆகவே 54 மி.மீ. உங்களுக்கு 40-க்குள்தான் வரும் என்று நினைக்கிறேன். ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தைத் தளர்த்தி 50-க்குக் கொண்டு வந்தால் வண்டியும் இறங்கும், பயணமும் மென்மையாகும். இப்படிச் செய்வது உங்கள் எடைக்கு வண்டியைச் சரிசெய்வதுதான். இதில் எதுவும் கெடுவதில்லை.

ஆனால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். அச்சில் 15 மி.மீ. இறங்கினால் இருக்கையில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் தெரியும், ஏனென்றால் நீங்கள் உட்காருவது இரு சக்கரங்களுக்கும் நடுவில். 54-ஐத் தாண்டி இன்னும் கொஞ்சம் என்று தளர்த்தவும் வேண்டாம். கல்லில் முழுதாக அமுங்கி முதுகெலும்பில் அடிக்கும்.

மீதி உயரம் இருக்கைக் குஷனில்தான் இருக்கிறது. அதற்குப் போடி அண்ணன் வந்தால் நன்றாக இருக்கும்.

—

போடி குஷன் கடை:

வந்துவிட்டேன்.

உயரம் குறைக்க என்று வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் “மேலே இரண்டு அங்குலம் எடுத்துவிடுங்கள்” என்கிறார்கள். நான் உடனே கத்தியை எடுப்பதில்லை. முதலில் வண்டியின் மேல் உட்காரச் சொல்லி, பின்னால் நின்று அவர்கள் தொடையைப் பார்ப்பேன். கால் இருக்கையின் ஓரத்தில் வெளிப்பக்கமாக வளைந்துதான் கீழே இறங்குகிறது. எந்த ஓரம் தொடையைத் தள்ளுகிறதோ அங்கேதான் உங்கள் உயரம் ஒளிந்திருக்கிறது. அந்த ஓரத்தை இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலம் சரித்துச் செதுக்கினால் கால் நேராக இறங்கும். மேலே ஒரு அங்குலம் எடுத்ததற்கு இணையான பலன் அதிலேயே கிடைப்பதை அன்றாடம் பார்க்கிறேன். உட்காரும் இடத்தின் மெத்தை அப்படியே இருக்கும்.

411-இல் ஓட்டுநர் இருக்கை தனி, பின் இருக்கை தனி. அது வசதி. பின் இருக்கையைத் தொடவே வேண்டாம்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், எங்கே செய்தாலும் கேட்டுச் செய்யுங்கள். முதலில் ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக எடுத்து ரெக்சினைக் கிழியாமல் கழற்ற வேண்டும். வெறும் குஷனோடு வண்டியில் மாட்டி ஆளை ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். எழுந்ததும் உட்காரும் எலும்பு இரண்டும் அமுங்கிய இடம் தெரியும். அதைச் சாக்பீஸால் வட்டமிடுவேன். அந்த இரண்டு வட்டத்துக்குள் கத்தி போகக் கூடாது. வட்டத்துக்கு முன்னால், டேங்க் வரை, இரண்டு தொடைப் பக்கமும்தான் நம் இடம். ஹாக்சா பிளேடால் பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு, எமரி டிஸ்க் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இறக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒட்டினால் அந்த இடம் கட்டியாக நிற்கும்.

உட்காரும் இடத்திலும் உயரம் குறைத்தே தீர வேண்டும் என்றால், மெல்லியதாகிவிட்ட பழைய குஷனை மட்டும் நம்பக் கூடாது. ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு இடுப்பில் குத்தும். அங்கே ஒரு விரல் தடிமனுக்கு அடர்த்தியான ரீபாண்ட் குஷன் (துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டியது) வைத்து, மேலே மென்மையாக ஒரு அடுக்கு ஒட்டுவேன். முன்பக்கமாகச் சரிவு வந்துவிடாமல் பார்ப்பதும் முக்கியம். சரிவு வந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டேங்கில் போய் மோதுவீர்கள். போடிமெட்டில் இறங்கி வந்து அப்படி அழாத குறையாகச் சொன்னவர்கள் உண்டு. வேறு எங்கோ வெட்டிய இருக்கையை என்னிடம் கொண்டு வந்தார்கள்.

மலை மழைக்கு ஒரு சொல். தையல் மேல்பக்கம் வந்தால் தென்மேற்குப் பருவமழை நாலு மாதமும் குஷன் தண்ணீர் குடிக்கும். ரெக்சினுக்கு அடியில் ஒரே துண்டாகப் பாலிதீன் தாள் விரிக்கச் சொல்லுங்கள். தையலைப் பக்கவாட்டில் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் பழைய இருக்கையை வெட்ட வேண்டாம். இன்னொன்று பழையதாக வாங்கி அதில் வேலை செய்யுங்கள். நாளை வண்டியை விற்கும்போது அசல் இருக்கை கையில் இருக்கட்டும்.

—

செங்கோட்டை வழக்கறிஞர்:

கேரளத்துக்குள் தினமும் போகிறவர் என்பதால் சட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று வழக்கு விஷயமாகப் போய்வருகிறவன்தான்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனதுதான். அதிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் மாற்றம் செய்த வண்டிகளைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.

இருக்கை உயரம் பதிவுச் சான்றிதழில் எழுதப்படும் விவரம் அல்ல. குஷன் செதுக்குவதும் பிரீலோடு தளர்த்துவதும் இதில் வராது. பிரீலோடு வளையத்தைத் தயாரிப்பாளரே திருப்புவதற்காகத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் சட்டகத்தை அறுப்பது, பற்றவைப்பது, சக்கர அளவை மாற்றுவது ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். லிங்க் தகடு விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்ப இடம் தரும். இழப்பீட்டு வழக்குகளில் இப்படிச் சின்னக் காரணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

—

லோயர்கேம்ப் காரன்:

வயது 61. உயரம் 157. பெரியாறு நீர்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. முதலில் புல்லட், பிறகு பல வண்டி, இப்போது 411. எல்லோரும் வண்டியைப் பற்றிச் சொன்னார்கள். நான் ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன் அம்மா.

இரண்டு காலும் முழுதாகப் பதிய வேண்டும் என்று கொழிஞ்சாம்பாறைத் தம்பி சொன்னார். எனக்கு நாற்பது ஆண்டில் ஒரு வண்டியிலும் அப்படிப் பதிந்ததில்லை. ஒரு கால் உறுதியாகப் பதிந்தால் போதும். நிற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இடுப்பை இருக்கையில் இடப்பக்கம் நாலு விரல் நகர்த்து. வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். இடது கால் முழுதாகத் தரையில் வைத்து நில். வண்டி உன் இடது தொடையில் சாய்ந்திருக்கும். 199 கிலோவையும் நீ தூக்கப் போவதில்லை. சாயாமல் பார்த்தால் போதும், அதற்கு ஒரு கால் தாங்கும். அளவுக்கு மேல் சாய்ந்த பிறகு யாருடைய காலும் தாங்காது, ஆறடி ஆளாக இருந்தாலும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் சாலையில் இடது ஓரம் தண்ணீர் ஓடச் சரிந்திருக்கும். ஓரமாக ஒதுங்கி நின்றால் உன் இடது காலுக்குத் தரை இரண்டு அங்குலம் கீழே போய்விடும். இருக்கையில் செதுக்கி மிச்சப்படுத்திய உயரம் முழுவதும் அங்கே போய்விடும். ஆகையால் தார் முடியும் விளிம்பில் நிற்காதே. நிற்பதற்கு முன் வண்டி நிற்கும் இடத்தைப் பார்க்காதே, கால் விழப்போகும் இடத்தைப் பார். கல், பாசி, மணல், உதிர்ந்த இலை இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்.

கம்பம்மெட்டில் ஏறும்போது இடது கொண்டைஊசிதான் பொல்லாதது. உள்வளைவில் ஏற்றம் செங்குத்து, தரையும் இடப்பக்கமாகச் சரிவு. அங்கே மட்டும் நடுவில் நின்றுவிடாதே. மேலே பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே, நேர்ச்சாலை இருக்கும் இடத்தில் நின்று காத்திரு. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் பஸ்காரர் அகலமாகச் சுற்றித்தான் இறங்க வேண்டும், அவருக்கு வேறு வழியில்லை.

தோட்டத்தில் வண்டியைப் பின்னால் தள்ள வேண்டி வந்தால் மேலே உட்கார்ந்து கால் உந்தித் தள்ளாதே. இறங்கி இடப்பக்கம் நின்று, இடுப்பை இருக்கையில் அணைத்துத் தள்ளு. நிறுத்தும்போதே கிளம்பும் திசையைப் பார்த்து நிறுத்து.

பழகும் வரை டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதே. முழு டேங்க் 15 லிட்டர், பதினோரு கிலோ. அத்தனையும் மேலே, உன் நெஞ்சு உயரத்தில்.

—

கொழிஞ்சாம்பாறை:

ஐயா, இடது ஓரச் சரிவைப் பற்றி இத்தனை ஆண்டில் நான் யோசித்ததே இல்லை. இன்று மாலை கோபாலபுரம் சாலையில் வேண்டுமென்றே ஓரத்திலும் நடுவிலும் நின்று பார்த்தேன். வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு கால் கட்டாயம் என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

பூட்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? அடி தடித்த பூட்ஸ் போட்டாலே இரண்டரைச் சென்டிமீட்டர் கிடைக்கும். கணுக்காலுக்கும் பாதுகாப்பு.

—

போடி குஷன் கடை:

உண்மை. என் கடைக்கு ரப்பர் செருப்போடு வருகிறவர்களை அளவெடுக்காமல் அனுப்பிவிடுகிறேன். எந்தக் காலணியோடு ஓட்டுவீர்களோ அதோடு வாருங்கள்.

—

ஏலக்காட்டுப் பெண்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காய் எடுப்பு நேரம், கை ஓயவில்லை.

எல்லோரும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன். முதலில் பழைய லிங்க் தகடுகள் திரும்ப ஏறின. நல்லவேளையாக அவற்றைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஒரு பையில் வைத்திருந்தேன். கூடலூர் அண்ணன் சொன்னது போலச் செயின் தளர்ந்துதான் இருந்தது. தகடு மாற்றியதுமே ஹேண்டிலின் கனம் போய்விட்டது. சைடு ஸ்டாண்டில் வண்டி பழையபடி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதை நாலு முறை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

பிறகு பிரீலோடு. தம்பி வண்டியைப் பிடிக்க, அப்பா தரையில் உட்கார்ந்து டேப் வைத்து அளந்தார். முழங்கால் வலியோடு அப்படி உட்கார வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 37 மி.மீ. வந்தது. வளையத்தைத் தளர்த்தித் திரும்ப அளந்தால் 52. அதோடு நிறுத்திவிட்டோம். இருக்கையில் ஒன்பது மி.மீ. போல இறங்கியிருக்கும். உயரத்தைவிட ஜீப் பாதையில் வந்த மாற்றம்தான் பெரிது. முன்பெல்லாம் ஒவ்வொரு கல்லுக்கும் பின்பக்கம் என்னைத் தூக்கிப் போடும். இப்போது சக்கரம் கல்லோடு ஏறி இறங்குகிறது, நான் அப்படியே இருக்கிறேன். பின்னால் காய்ச் சாக்கு கட்டும் நாளில் மட்டும் இரண்டு படி இறுக்கிக்கொள்கிறேன்.

இருக்கைக்குப் போடிக்குப் போனேன். தேனியில் பழைய இருக்கை ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. காலை பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்தேன், எழுந்தபோது மாலை நாலு. அண்ணன் பதினோரு முறை என்னை வண்டியில் ஏற்றி இறக்கினார். வெறும் குஷனில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்ததும், அமுங்கிய இரண்டு பள்ளமும் மெல்ல மெல்ல மேலெழுந்து வருவதற்குள் சாக்பீஸ் வட்டம் போட்டுவிட்டார். வட்டத்துக்கு முன்னால் மஞ்சள் தூளாகக் குஷன் உதிர்ந்து அவர் கை, மீசை எல்லாம் படிந்திருந்தது. ஏழாவது முறை ஏறியபோது வலது தொடையின் உள்பக்கத்தை இன்னும் ஏதோ தள்ளியது. விரல் வைத்துக் காட்டினேன். ஒரு தீப்பெட்டி அளவுதான் எடுத்தார், கால் இறங்கிவிட்டது. உட்காரும் இடத்தில் 20 மி.மீ. எடுத்து, ரீபாண்ட் வைத்து, பாலிதீன் விரித்து, பக்கவாட்டில் தைத்துத் தந்தார்.

இப்போது பூட்ஸோடு உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் முன்பாதம் பதிகிறது. இடுப்பை நகர்த்தினால் இடது கால் குதிகாலோடு முழுதாகப் பதிகிறது. அடியில் 220 கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

நேற்று புற்றடி ஏல மையத்துக்குக் காய் மாதிரி கொடுத்துவிட்டு இறங்கும்போது நல்ல மழை. கம்பம்மெட்டுக்குக் கீழே, ஒரு வளைவில், காய் பறிப்புப் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்புகள் மூன்று வரிசையாக நின்றுவிட்டன, எதிரே லாரி. லோயர்கேம்ப் பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்து, ஓரத்துக்குப் போகாமல் தாரின் மேலேயே கால் விழும் இடம் பார்த்து நின்றேன். இடது கால் பதிந்தது. பத்து நிமிடம் நின்றேன். ஓரத்தில் சிவந்த தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. வண்டி அசையவில்லை. கடைசி ஜீப்பிலிருந்து அன்று ஸ்டோர் வாசலில் கால் தப்பிய அதே அக்கா தலையை நீட்டி, “இன்றைக்கு நன்றாக நிற்கிறதே!” என்றார்.

—

கூடலூர் மெக்கானிக்:

மனசு நிறைந்தது தங்கச்சி. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பிரீலோடு வளையத்தையும் லிங்க் போல்ட்டுகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கழற்றி மாட்டிய போல்ட். குறிப்பிட்ட இறுக்கம் இருக்க வேண்டும், கை அளவில் விடக் கூடாது. இந்தப் பக்கம் வந்தால் டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து நானே பார்க்கிறேன்.

—

சின்னமனூர் புதியவன்:

இந்த இழையை முழுதாக இரண்டு முறை படித்தேன். எனக்கு 154 செ.மீ. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பைக் வாங்க ஆசை. இருக்கை 823 மி.மீ. என்று பார்த்ததும் ஷோரூம் வாசலோடு திரும்பிவிட்டேன். நண்பர்கள் எல்லோரும் “உனக்கு எட்டாது” என்றே சொல்கிறார்கள். அக்கா, உங்கள் வண்டியில் ஒரு முறை உட்கார்ந்து பார்க்க முடியுமா? செதுக்கிய இருக்கை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தால் முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

—

ஏலக்காட்டுப் பெண்:

தம்பி, தாராளமாக. வண்டி வாங்குவதற்கு முன்பே கேட்டது நல்லது. என் வண்டியில் உட்காருவதோடு நிறுத்தாமல் அசல் இருக்கையையும் கொண்டு வருகிறேன், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிடு. எக்ஸ்பல்ஸ் எடை ஹிமாலயனைவிட நாற்பது கிலோ அளவுக்குக் குறைவு. உனக்கு அது பெரிய உதவி.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிற்பேன். ஓட்டும்போது போடுகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு வா. ஒரு இஞ்ச் டேப்பும் கொண்டு வா, என்னுடையதை அப்பா எங்கோ வைத்துவிட்டார்.